நவம்பரில் எந்தப் பாம்பு?

நீங்கள் பொய் சொன்னீர்கள், முதலாளி. பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு தடவை சொன்னீர்கள். போன மாதம் கமராவுக்கு முன்னால் இருந்து, சிரித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொன்னீர்கள். முதல் தடவை சொன்னபோது உங்களுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்ல வேண்டும். இருபத்தேழு வருடம் குதிரைக் கொட்டில்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சாணி அள்ளினேன், தண்ணீர் காட்டினேன், குளம்பு துடைத்தேன், கலியாண ஊர்வலங்களுக்குக் குதிரை பிடித்துக்கொண்டு போனேன். எழுத்து என் தொழில் இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்தட்டும். விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

முதலாளி எங்கள் ஆள்தான். கனடாவில், ரொறன்ரோப் பக்கம், ஸ்காபரோவுக்கு வடகிழக்கே ஒரு பழைய பண்ணையை வாடகைக்கு எடுத்து, வெள்ளைக் குதிரைகள் வைத்து, பிறம்ரன் மண்டபங்கள்வரை மாப்பிள்ளைக் குதிரை விட்டவர். இப்போது வேறு தொழில்கள் செய்கிறார். பெயரை நான் எழுதவில்லை. அவருக்குத் தன் பெயர் தெரியும்.

போன மாதம் ஒரு யூடியூப் நிகழ்ச்சியில், முன்னுக்கு வந்த தமிழர் என்று அவரைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்கள். தொழிலில் மறக்க முடியாத இழப்பு என்ன என்று நடத்துனர் கேட்டார். அவர் சொன்னதை நான் நான்கு தடவை போட்டுக் கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

"ராஜா எண்டு ஒரு குதிரை, தம்பி. ஒரு டன் வரும். அதை ஒரு பாம்பு கடிச்சு விழுத்திப்போட்டுது. என்னட்ட யூலியன் எண்டு ஒரு மன்னார் ஆள் வேலைக்கு நிண்டவர். புல்லுக்கட்டை உதறிப் பாக்காமல் அப்பிடியே கொண்டுபோய்ப் போட்டிட்டார். கட்டுக்குள்ள பாம்பு! பிறகு கடிவாயில மண்ணைப் பூசி மறைச்சுப்போட்டு, 'மாதாவே, மாதாவே' எண்டு கொண்டு நிக்கிறார்."

நடத்துனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணை, உண்மையாவோ? பாம்பு கடிச்சு ஒரு டன் குதிரை சாகுமோ?"

"யானையே சாகும், நீர் குதிரையைக் கேக்கிறீர்."

கேள்வி நல்ல கேள்விதான். பதில் சொல்லத் தகுதியுள்ளவர் அந்தக் கதிரையில் இருக்கவில்லை. நான் சொல்கிறேன்.

சாகும். பாம்பு கடித்துப் பெரிய மிருகம் சாகும். வவுனியாப் பக்கத்தில் புடையன் என்ற விரியன் பாம்பு கடித்த பசு ஒன்று ஒரு நாளுக்குள் இரத்தமாக மூத்திரம் பெய்து செத்ததை நான் பார்த்திருக்கிறேன். யானை செத்ததை நான் பார்க்கவில்லை. நிறைய விஷம் உள்ள பாம்பு தும்பிக்கை நுனி மாதிரி மெல்லிய இடத்தில் கடித்தால் யானையும் சாகலாம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் உடம்பு பெரிதானால் அதைக் கொல்ல விஷமும் கூடுதலாக வேண்டும். எந்தப் பாம்பு, உடம்பில் எங்கே கடித்தது, கடித்து எவ்வளவு நேரம் போனது என்று கேட்காமல் "சாகும்" என்று சொல்வது கதை அளப்பது. கனடாவில் ஒன்டாரியோவில் விஷப் பாம்பு என்று இருப்பது ஒரே ஒரு சாதி. வாலில் கிலுகிலுப்பை உள்ள குட்டைப் பாம்பு. அதுவும் ரொறன்ரோவில் இல்லை. வடக்கே, ஜோர்ஜியன் விரிகுடாக் கரையோரப் பாறைகளில்தான் நான் அதைக் கண்டிருக்கிறேன்.

அங்கேதான் என் முதல் வேலை. கோடைக்காலத்தில் பிள்ளைகள் வந்து தங்கிக் குதிரை ஓட்டும் முகாம். கொட்டிலுக்குப் பொறுப்பு ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். எனக்கு அப்போது குதிரையின் முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும்தான் தெரியும். இரண்டு கோடையில் மற்றதையெல்லாம் பழகினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, உதை வாங்கினேன், பழகினேன்.

ஹெலனைப் பற்றி எழுத இருக்கிறது. குள்ளம். ஆண்களின் சப்பாத்துப் போடுவாள். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. குதிரைக்கு ஏதும் என்று ஓடிப்போனால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்க மாட்டாள். "என்ன பார்த்தாய்?" என்றுதான் கேட்பாள். "வயிற்றுக்குத்து என்று நினைக்கிறேன்" என்றால், நான் ஒன்றுமே சொல்லாததுபோல நிற்பாள். பல் முரசு என்ன நிறம், காதின் அடி சூடா குளிரா, சாணி எப்போது போட்டது, வயிற்றில் காது வைத்தால் இரண்டு பக்கமும் சத்தம் கேட்கிறதா, தாடைக்கு அடியில் நாடி நிமிடத்துக்கு எத்தனை? இதையெல்லாம் வரிசையாகச் சொன்ன பிறகுதான் எழும்பி வருவாள். பார்த்ததைச் சொல்கிறவன் அவளுக்கு வேலையாள், நினைத்ததைச் சொல்கிறவன் விருந்தாளி.

ஒரு ஆடி மாதம் பகலில், பெட்சி என்ற பெண் குதிரை பாறை இடுக்கில் மூக்கை நீட்டிப் புல் மேய்ந்துகொண்டு நின்றது. திடீரென்று தலையை உதறிப் பின்னால் பாய்ந்தது. கிலுகிலுப்பைச் சத்தம் எனக்கே கேட்டது. பாம்பு பாறைக்குள் போனதையும் கண்டேன். ஹெலனிடம் ஓடிப்போய்ப் பார்த்ததைச் சொன்னேன். ஊர்ப் பழக்கத்தில் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.

"அது எதற்கு?" என்று கேட்டாள்.

"கட்டுப் போட. விஷம் ஏறாமல்."

"மூக்கில் கடித்திருக்கிறது. எங்கே கட்டப்போகிறாய், கழுத்திலா?"

பெல்ட்டைத் திரும்பப் போட்டேன். அவள் தன் வண்டியிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் பை எடுத்து வந்தாள். அதற்குள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஒரு சாண் அளவு வெட்டிய இரண்டு துண்டு, விளிம்பு குத்தாமல் அரத்தால் தேய்த்தது. வசலின் களிம்பு பூசி, மூக்குத் துவாரத்தின் கீழ்ப்பக்கமாக மெதுவாக ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, வெளியே நின்ற முனையைத் தலைக்கயிற்றோடு ஒட்டிக் கட்டினாள். வெட்டவில்லை, உறிஞ்சவில்லை, குதிரையை ஒரு அடிகூட நடக்க விடவில்லை. குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு அடைபட்டால் சாவுதான் என்று அப்போதுதான் சொன்னாள். மிருக டொக்டர் வர இரண்டு மணித்தியாலம் ஆனது. அதற்குள் பெட்சியின் முகம் நீர்யானையின் முகம் மாதிரி வீங்கிவிட்டது. கண் தெரியவில்லை. அந்த இரண்டு ரப்பர் துண்டு வழியாகத்தான் உயிர் போய் வந்தது. பிழைத்தது.

பாம்பு கடித்த குதிரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான் இதை விரித்து எழுதினேன். கடித்த இடம் வீங்க நேரம் எடுக்கும். குதிரை உயிரோடு இருந்தால்தான் வீங்கும். கடிபட்ட குதிரை ஓரிடத்தில் நிற்காது, சுற்றும், நிலத்தைக் கிண்டும், வேர்க்கும்.

பிறகு ரொறன்ரோவுக்கு வந்து முதலாளியிடம் சேர்ந்தேன். அங்கே எனக்கு முன்பே இருந்தவர் யூலியன் அண்ணை. மன்னார், கத்தோலிக்க வேதக்காரர், என்னைவிடப் பத்து வயது மூப்பு. குதிரைகளோடு தமிழில்தான் பேசுவார். "மகன், காலைத் தூக்கு" என்றால் ராஜா தூக்கும். நான் சொன்னால் தூக்காது. ஊர்வலத்துக்குப் போகும்போது யூலியன் அண்ணைக்கும் ஒரு சிவப்புத் தலைப்பாகை கட்டிவிடுவார்கள். ஒருமுறை பிறம்ரன் மண்டப வாசலில் ஒரு அன்ரி, "என்ன அங்கிள், நீங்களோ மாப்பிள்ளை?" என்று பகிடி விட்டார். "இல்லைப் பிள்ளை, மாப்பிள்ளை உள்ளுக்கை உடுத்து வெளிக்கிடுறார். நான் குதிரையின்ர தகப்பன்" என்றார் யூலியன் அண்ணை. காதுக்குப் பக்கத்தில் மேளம் அடித்தாலும் ராஜா அசையாது. அவர் அதன் கழுத்தில் கை வைத்திருந்தால் போதும்.

இனி அந்த நவம்பர்.

குளிர் தொடங்கினால் தண்ணீர்த் தொட்டி உறையாமல் இருக்க உள்ளே ஒரு மின்சார ஹீற்றர் போடுவார்கள். அந்தக் கொட்டிலின் வயரிங் முழுவதும் அனுமதி எடுக்காமல் முதலாளி தன் ஆளை வைத்துச் செய்தது. யூலியன் அண்ணைதான் முதலில் கண்டார்.

"முதலாளி, ஹீற்றர் வயரை எலி கடிச்சிருக்கு. உள்ளுக்குச் செம்பு தெரியுது."

"கறுத்த ஒட்டு சுத்திவிடுங்கோ அண்ணை. பிறகு மாத்துவம்."

ஒட்டுநாடா சுற்றியது நான். அதையும் எழுதிவைக்கிறேன்.

நாலு நாள் கழித்து, விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, இரண்டு பேரும் தீனி போடப் போனோம். முதல் பனி விழுந்து உருகி நிலம் சொதசொதவென்று இருந்தது. ராஜா தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பக்கமாக விழுந்து கிடந்தது. விழுந்த வேகத்தில் தொட்டி சரிந்து, வயர் சுவரிலிருந்து கழன்று சேற்றில் கிடந்தது. அது கழன்றதால்தான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேல் உதட்டில் இரண்டு சின்னப் புள்ளி.

நான் கத்தினேன்: "ஐயோ, பாம்பு!"

எங்கள் ஆட்களுக்கு இரண்டு புள்ளியைக் கண்டால் போதும். கனடா மறந்துவிடும், மாதம் மறந்துவிடும். பாம்பு என்ற சொல்லை முதலில் சொன்னது முதலாளி இல்லை, நான்.

யூலியன் அண்ணை ஜக்கெற் பைக்குள் கை விட்டார். மடுமாதா கோயில் மண் ஒரு சின்னப் பொட்டலத்தில் எப்போதும் அவரிடம் இருக்கும். பாம்புக் கடிக்கு அதைப் பூசுவதை மன்னாரில் பிறந்த வேதக்காரருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. முழங்காலில் நின்று, அந்தச் செத்த உதட்டில் மண்ணைப் பூசி, "மகன், எழும்பு, எழும்பு மகன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அன்றைக்குச் செய்தது அவ்வளவுதான். மறைக்க ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை.

நான் நின்று பார்த்தேன். ஹெலன் பழக்கிய கண் மெதுவாகத்தான் திறந்தது. உதடு வீங்கவில்லை. நிலத்தில் கிண்டிய அடையாளம் இல்லை. பல்லுக்கிடையில் ஒரு வாய்ப் புல் அப்படியே இருந்தது. தின்றுகொண்டிருந்த மிருகம், கால் மடங்கி, நின்ற இடத்திலேயே விழுந்திருக்கிறது. நான்கு காலிலும் இரும்பு லாடம், கீழே ஈரம். உதட்டின் இரண்டு புள்ளியும் பொசுங்கியிருந்ததை மண் மூடமுன் நான் பார்த்தேன்.

முதலாளி வந்தார். குதிரையைத் தொடவில்லை. வயரைச் சேற்றிலிருந்து எடுத்து, முழங்கையில் சுற்றி, தன் வான் வண்டியின் பின்னால் வைத்துப் பூட்டினார். பிறகுதான் மிருக டொக்டருக்குப் போன் அடித்தார்.

டொக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். சுற்றி நடந்தாள். முரசைப் பார்த்தாள், உதட்டின் மண்ணைப் பார்த்தாள். மின்சாரம் ஏதும் பக்கத்தில் இருந்ததா என்று கேட்டாள். முதலாளி இல்லையென்றார். "எங்கள் ஆள் சிறிலங்காக்காரர், பாம்பு தெரிந்தவர்" என்று என்னைக் காட்டினார். அவள் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "பாம்பைப் பார்த்தாயா?"

"இல்லை. ஆனால் பாம்புதான்" என்றேன்.

என் மனைவியைக் கூப்பிட ஸ்பொன்சர் போட்டிருந்தேன். முதலாளியின் வேலைக் கடிதம் அந்தக் கிழமை எனக்குத் தேவை. காரணம் அதுதான். வேறு பெரிய காரணம் சொல்லி நான் நல்லவனாக விரும்பவில்லை.

"நவம்பரிலா?" என்று மட்டும் கேட்டாள். வெட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். முதலாளி மறுத்தார். சாவின் காரணம் தெரியவில்லை, பரிசோதனைக்கு உரிமையாளர் மறுத்தார் என்று எழுதிவிட்டுப் போனாள். மத்தியானம் செத்த மிருகம் ஏற்றும் லொறி வந்து ராஜாவைச் சங்கிலியில் இழுத்து ஏற்றிப் போனது. லொறி போன கையோடு முதலாளி யூலியன் அண்ணையைக் கூப்பிட்டார்.

"புல்லுக்கட்டைப் பாத்துப் பிரிச்சனீங்களோ?"

"எப்பவும் போலத்தான், முதலாளி."

"எப்பவும் போல எண்டால்? உதறினீங்களோ, இல்லையோ?"

அவர் யோசித்தார். நேர்மையான ஆள். முந்தின நாள் பின்னேரம் உதறினாரா இல்லையா என்று யாருக்கு நினைவிருக்கும்? "சரியாய் ஞாபகமில்லை" என்றார். அதோடு வேலை போனது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் புல்லு போர்ட் பெரிப் பண்ணையிலிருந்து வந்தது. அங்கே அந்தப் பாம்பு இல்லை. இருந்தாலும் ஆனியில் மெசின் இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் ஐந்து மாதம் உயிரோடு இருக்காது. நவம்பர் கடைசியில் இந்த மாகாணத்துப் பாம்பெல்லாம் உறைபனிக்குக் கீழே நிலத்துக்குள் கிடக்கும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும். வயரிங் பரிசோதகர் வந்தால் கொட்டிலைப் பூட்டிவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். மற்ற வயர்களையெல்லாம் அடுத்த கிழமையே சத்தமில்லாமல் மாற்றினார். பாம்புக்குப் பயந்து யார் வயர் மாற்றுவது?

யூலியன் அண்ணைக்குப் பிறகு பிறம்ரனில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. அவர் வீடு இருந்த மல்வேர்னிலிருந்து மூன்று பஸ் மாறிப் போக வேண்டும். குதிரையைத் திரும்ப அவர் தொடவில்லை. இப்போது பாரிசவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்து வீட்டோடு இருக்கிறார். அந்த நிகழ்ச்சி வந்த அடுத்த நாள் அவருடைய மகள் ரீற்றா எனக்குப் போன் அடித்தாள். "அங்கிள், அப்பாவை யூடியூப்பில ஜோக் ஆக்கிப்போட்டாங்கள். எல்லாரும் ஷெயார் பண்ணுறாங்கள். அப்பா திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கிறார். நீங்கள் வாங்கோ."

போனேன். அடுப்படி மேசையில் இருந்தார். முன்னால் போன்.

"வந்திட்டியோ? பார், சரியாய்த்தான் சொல்லுறார். நான் உதறேல்லைப் போல" என்றார். "நான் வருசா வருசம் பெரிய வெள்ளிக்கு முன்னம் பாவசங்கீர்த்தனத்தில சொல்லுறனான். என்ர கவலையீனத்தால ஒரு வாயில்லாச் சீவன் செத்தது எண்டு. பங்குச் சாமி சொல்லிப்போட்டார், அது எப்பவோ மன்னிச்சாச்சு, இனிச் சொல்லத் தேவையில்லை எண்டு. எனக்கு மனம் கேக்காது. சொல்லிப்போட்டு வருவன்."

பத்தொன்பது வருடம். செய்யாத ஒன்றுக்கு. எனக்குத் தெரிந்திருந்தும்.

சொன்னேன். வயர், பொசுங்கிய புள்ளி, வாயில் இருந்த புல், வானின் பின்பக்கம், டொக்டருக்கு நான் சொன்ன பதில், எல்லாவற்றையும். ரீற்றா கேத்திலைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவர் போனைக் குப்புற வைத்தார்.

"அப்ப, நான் இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"உனக்குத் தெரியும்."

"ஓம்."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். நல்ல கை மேசையில்தான் இருந்தது. "ஏனடா இதை என்ர அடுப்படியில வந்து சொல்லுறாய்?" என்றார். "அவர் ஊர் உலகத்துக்கு முன்னால சொல்லுறார், நான் சாகடிச்சனான் எண்டு. நீ எனக்கு மட்டும் சொல்லுறாய், இல்லையெண்டு. நான் ஆரை நம்பிறது? என்னைச் சந்தோசப்படுத்தச் சொல்லுறியோ என்னவோ. அவர் தன்ர வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் நான் சாமியிட்டைச் சொல்லுறதைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பன்."

நிகழ்ச்சி நடத்துனருக்கு அடித்தேன். "அங்கிள், அது நல்லா ஓடுற வீடியோ. சும்மா பகிடிதானே" என்றார். முதலாளிக்கு அடித்தேன். "பழசைக் கிளறாதை. நீதானே பாம்பெண்டு சொன்னனீ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஓம், முதலாளி. நான்தான் சொன்னேன். அந்தப் பொய்யில் என் பங்கை இங்கே, என் பெயரைப் போடச் சொல்லி, எல்லோரும் வாசிக்கத் தந்துவிட்டேன். நீங்கள் தந்த கடிதத்தில் வந்த மனைவிதான் இதை முதலில் வாசித்து, "அனுப்புங்கோ" என்று சொன்னவள்.

இனி உங்கள் பங்கு. அதே நிகழ்ச்சி, அதே கதிரை, அதே கமரா. என்னையும் பக்கத்தில் இருத்தச் சொல்லுங்கள், வருகிறேன். மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நவம்பர் கடைசியில், ரொறன்ரோவில், உங்கள் குதிரையைக் கடித்தது எந்தப் பாம்பு? பாம்பு கடித்த குதிரையை டொக்டர் வெட்டிப் பார்க்க ஏன் விடவில்லை? சேற்றில் கிடந்த வயரை உங்கள் வானுக்குள் வைத்துப் பூட்டியது ஏன்?

தவக்காலம் தொடங்கிவிட்டது. பெரிய வெள்ளிக்கு முன் யூலியன் அண்ணையை ரீற்றா சக்கர நாற்காலியில் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போவாள். அவர் அங்கே போய் வாய் திறக்கமுன் நீங்கள் திறவுங்கள்.